பள்ளி மதிய உணவுக்கான பொருள் கொள்முதல் தரம் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
செயலாளர்,
சால்ட் லேக் வாழ் தமிழ்க் குடும்பங்களின் சங்கத்துக்காக,
விதான்நகர், கொல்கத்தா.

பெறுநர்:
பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்குப் பொறுப்பான உயர் அலுவலர்கள்.

பொருள்: மதிய உணவுக்கு வாங்கும் எண்ணெய், பருப்பு, முட்டை, காய்கறி ஆகியவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பதிவு செய்தல், மாதந்தோறும் பரிசோதித்தல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு அனுப்பிய கடிதங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சால்ட் லேக்கின் பல பிளாக்குகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். எங்கள் உறுப்பினர் சிலரின் பிள்ளைகளும், எங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளும் இங்குள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளில் மதியம் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் முந்தைய கடிதங்களுக்குப் பெறப்பட்டதற்கான முத்திரை மட்டுமே கிடைத்தது. பதில் வராததால் அவற்றில் எழுதியதை மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

முதல் கடிதத்தில் ஒரு பள்ளியின் பொருள் அறையைப் பற்றி எழுதியிருந்தோம். பெற்றோர் கூட்டத்துக்குப் போன எங்கள் உறுப்பினர்கள், தலைமை ஆசிரியரின் அனுமதியோடுதான் அறைக்குள் சென்றார்கள். அரிசி மூட்டைகள் பலகைமேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மூலையில் ஓர் எண்ணெய் டின். அதில் கம்பெனிப் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, தேதி இல்லை. வாய்ப்பகுதியைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பில்லில் "எண்ணெய், 1 டின்" என்றும் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. எந்த ஆலையில் ஆட்டியது என்று கேட்டபோது, சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்கள், கடையில் கொடுத்ததை வாங்கி வந்தோம் என்றார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அதை அன்றைய கடிதத்திலும் எழுதியிருந்தோம், இப்போதும் எழுதுகிறோம்.

இரண்டாவது கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: எங்கள் பகுதிப் பள்ளிகளில் சமைத்த உணவின் மாதிரி கடைசியாக எந்த மாதம் ஆய்வகத்துக்குப் போனது, முடிவு என்ன? அடுத்த கடிதத்தில், மாதந்தோறும் மாதிரியைச் சோதிக்கச் சொல்லும் விதியையே நகலெடுத்து இணைத்தோம். அதற்கும் பதில் இல்லை.

அந்த விதியை இங்கே மீண்டும் சொல்கிறோம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2015 செப்டம்பரில் மதிய உணவு விதிகள் வெளியாயின. அந்த விதிகளின்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், உயர் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் தர வேண்டும். சமைத்த உணவு இந்தத் தரத்தில் இருக்கிறதா என்று அரசு ஆய்வகமோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகமோ சான்று தர வேண்டும். சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளிலிருந்து மாதம் ஒரு முறையாவது மாதிரி எடுக்க வேண்டும். 2021-இல் திட்டத்தின் பெயர் பி.எம். போஷண் என்று மாறியது. குழந்தைக்குச் சட்டம் தந்த உரிமை மாறவில்லை. இந்த விதி நடக்கிறதென்றால் முடிவுகளைக் காட்டுங்கள். நடக்கவில்லையென்றால் தொடங்குங்கள். இந்த மனுவில் வேறு எதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில், தர்மசதி கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி சமையல் எண்ணெயில் கலந்திருந்தது. எண்ணெயின் வாடை சரியில்லை என்று சமைத்தவர் சொன்னதாகவும், அதன் பிறகும் சமையல் நடந்ததாகவும் அன்றைய செய்தித்தாள்கள் எழுதின. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1988-இல் இதே நகரின் பெஹாலாவில், கலப்பட எண்ணெய் சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோருக்குக் கைகால் செயலிழந்தது. எண்ணெயில் கலந்திருந்தது டிரைகிரெசில் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை இரசாயனம். 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால் உடல் வீங்கிப் பலர் இறந்தார்கள். வங்காளத்துச் சமையலறையில் கடுகெண்ணெய் இல்லாத நாள் இல்லை. கலப்படத்தை நாக்கும் மூக்கும் எல்லா நேரமும் காட்டிக்கொடுப்பதில்லை. ஆசிரியர் முதலில் ருசி பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு நல்லது, ஆனால் அது போதாது.

மத்திய அரசு 2015 பிப்ரவரியில் வெளியிட்ட சமையலறைப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களே, அக்மார்க் தரமுள்ள, பொட்டலமிட்ட பொருள்களை வாங்கச் சொல்கின்றன. அப்படியிருந்தும் பெயரில்லாத டின் பள்ளிக்குள் எப்படி வருகிறது? கணக்கைப் பார்த்தால் புரியும். 2025 மே முதல் தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒருவருக்கு நாளொன்றுக்குப் பொருள் செலவு 6 ரூபாய் 78 காசு. 100 பிள்ளைகள் சாப்பிட்டால் 678 ரூபாய். அரிசி தனியாக இலவசமாக வந்துவிடுகிறது. இந்த 678 ரூபாயில் 2 கிலோ பருப்பு, 5 கிலோ காய்கறி, அரைக் கிலோ எண்ணெய், உப்பு, மசாலா, எரிவாயு அத்தனையும் அடங்க வேண்டும். முட்டை போடும் நாளில் 100 முட்டைக்கே ஏறக்குறைய அந்தத் தொகை முழுவதும் போய்விடும். பணம் வருவதற்குத் தாமதமானால் குழுப் பெண்கள் கடனுக்கு வாங்குகிறார்கள். கடன் தருகிற கடைக்காரரிடம் "இந்த டின் வேண்டாம்" என்று எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்? கலப்படம் பள்ளிக்குள் நுழையும் வாசல் இந்தக் கடன்தான். அதை அடைக்காமல் எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் பயனில்லை.

எனவே எங்கள் முதன்மைக் கோரிக்கை இது. உதிரி எண்ணெயை மதிய உணவுக்கு வாங்குவதை அடியோடு நிறுத்த வேண்டும். எண்ணெய், பருப்பு, முட்டை ஒவ்வொன்றுக்கும் விற்றவர் பெயர், உரிம எண், பேட்ச் எண், வாங்கிய தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் பள்ளிச் சுவரில் வங்காள மொழியில் ஒட்ட வேண்டும். மாதாந்திர ஆய்வக முடிவையும் அதன் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். ஒரு மாதத்துக்கான பொருள் செலவைக் குழுக்களுக்கு முன்பணமாகத் தர வேண்டும். சரக்கு சரியில்லை என்று பட்டால் திருப்பி அனுப்பும் உரிமை சமைப்பவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அன்று சமையல் தடைப்பட்டால் அவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. இவற்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டால் பலன் இராது. முன்பணம் இல்லாத பதிவேட்டில் பொய்தான் எழுதப்படும்.

செய்ய முடியாத காரியம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் சத்துணவு முட்டையின் மேல் அரசு முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். அந்த முட்டை வெளியே ஒரு ஓட்டலில் கிடைத்தால் திருட்டு அங்கேயே தெரிந்துவிடும். சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920-இல் தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். மேற்கு வங்க அரசும் 2023 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பிள்ளைக்கு வாரம் 20 ரூபாய் கூடுதலாக ஒதுக்கிக் கோழியும் பழமும் தந்தது. அதற்காக 371 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மனம் வைத்தால் பணம் வருகிறது.

காய்கறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊருக்குப் பக்கத்திலேயே தாபா வயல்களும், 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலங்களும் இருக்கின்றன. நகரத்தின் கழிவுநீரை வைத்தே கீரையும் காயும் மீனும் வளர்க்கும் அந்த உழவர்களின் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். அங்கிருந்து வாங்கக் கூடாது என்பது எங்கள் நிலை அல்ல. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றனவா என்று அரசு செலவில் சோதித்து, தேறிய வயல்களின் விளைச்சலை உழவர் குழுக்களிடமிருந்து நேரடியாகப் பள்ளிகள் வாங்கட்டும். சோதனைக் கட்டணத்தை உழவர் தலையில் ஏற்றக் கூடாது.

இதர கோரிக்கைகள்:

1. குடிநீர்த் தொட்டிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கழுவி, தேதியைத் தொட்டியின் மேல் எழுத வேண்டும்.

2. பொருள் அறைகளுக்கு எலி புகாத மூடியுள்ள கொள்கலன்கள் வழங்க வேண்டும்.

3. செறிவூட்டிய அரிசி மணிகளைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று நினைத்துப் பிள்ளைகள் பொறுக்கி எறிவதால், விளக்கப் பலகை வைக்க வேண்டும்.

4. சமைப்பவர்களுக்கு 10 மாதத்துக்கு மட்டும் என்றில்லாமல் 12 மாதமும் மதிப்பூதியம் வழங்க வேண்டும்.

5. கைகழுவும் இடங்களில் சோப்பு வைக்க வேண்டும்.

இதர கோரிக்கைகளைத் தங்கள் வசதிப்படி நிறைவேற்றலாம். எண்ணெய், முன்பணம், மாதாந்திரப் பரிசோதனை ஆகிய மூன்றுக்கும் 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். பதில் வராவிட்டால், ஆய்வக முடிவுகளைக் கேட்டு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பள்ளிவாரியாக விண்ணப்பிப்போம். நேரில் பேச அழைத்தால், சமைக்கும் பெண்களையும் உடன் அழைத்து வர அனுமதி கோருகிறோம். இம்மனுவின் வங்காள மொழி வடிவம் இத்துடன் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள், பெறப்பட்டதற்கான முத்திரையுடன்.