பெருகியது எந்த மீன்?

'ஆற்றில் மீன்வளம் பெருகியுள்ளது' என்று எழுதுவோர், பெருகியது எது என்று கேட்பதில்லை. காவிரி மஹ்சீரின் வரலாறு அந்தச் சோம்பலுக்கு எதிரான சாட்சியம்.

1998 முதல் 2012 வரை, கர்நாடகக் காவிரியின் தூண்டில் முகாம் ஒன்றில் பிடித்து மீண்டும் ஆற்றில் விடப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட மஹ்சீர்களின் எடை பதிவேடுகளில் உள்ளது. 2015இல் வெளியான ஆய்வின்படி, ஒரே அளவு உழைப்புக்குச் சிக்கிய மீன்கள் கூடியிருந்தன. சராசரி எடை குறைந்திருந்தது. இளமீன்கள் பெருகுகின்றன, பாதுகாப்பு வென்றது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அதே பதிவுகளை இனவாரியாகப் பிரித்ததும் படம் தலைகீழானது. பெருகியது நீலத்துடுப்பு மஹ்சீர். கிருஷ்ணையின் கிளையாறுகளுக்கு உரியது, பண்ணைக் குஞ்சாகக் காவிரிக்கு வந்தது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீரோ அருகிப்போயிருந்தது. கிடைத்த சிலவும் பெரியவை. பெரிய மீன் கிடைப்பதை ஆற்றின் நலம் என்று கொள்வோர் இங்கே தயங்க வேண்டும்: குஞ்சுகள் சேராத இனத்திலும் சராசரி எடை ஏறும். முதியோர் மட்டும் மிஞ்சிய ஊரில் சராசரி வயது ஏறுவதைப் போல.

இதில் மொழியின் பங்கும் சிறிதன்று. 'மஹ்சீர்' என்ற ஒரே சொல் இரண்டு மீன்களையும் மூடியிருந்தது. 50 கிலோவையும் தாண்டக்கூடிய மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர் இல்லை! பாம்பாற்றின் சிறு மீன்களைக் கொண்டு விவரிக்கப்பட்ட 'டோர் ரேமாதேவி' இதுவே என்று அவ்வாண்டில்தான் நிறுவப்பட்டது; அதன் பின்னரே மிக அருகிய இனமாகச் செம்பட்டியலில் இடம்பெற்றது. பெயரில்லாத உயிருக்கு எந்தச் சட்டம் காவல் நிற்கும்?

காளஹஸ்தியின் பொன்முகலியை ஆராயப் புகும் மாணவர் இதை நினைவில் கொள்வது நன்று. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறு அது. நீர் தேங்கும் மடுவுக்கும் வறண்ட படுகைக்கும் சேர்த்து ஒரு சராசரி எழுதுவதில் பொருளில்லை. தென்னக நீர்த்தேக்கங்களில் விடப்படும் கட்லாவும் ரோகுவும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள். அவற்றையும் கூட்டி 'மீன்வளம்' என்பது கணக்கே அன்று. மடுவாரியாக, இனவாரியாக, நீளத்தோடு எழுதுக. கெண்டை, கெளிறு, விரால், ஆரால் என்று மீன் விற்பவர்கூடப் பிரித்தே விலை சொல்கிறார். ஆய்வேட்டில் மட்டும் ஏன் எல்லாம் ஒரே கூடையில்?