காது யாருக்குச் சொந்தம்?

1978 மார்ச் 8, இரவு பத்தரை மணி. பி.பி.சி. ரேடியோ 4-ல் ஒரு புதிய அறிவியல் புனைகதை நாடகம் தொடங்கியது. பெயர், ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’. அண்டவெளியில் ஓசிப் பயணம் போகிறவர்களுக்கான கையேடு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் டக்ளஸ் ஆடம்ஸ். பலரும் தூங்கப் போகும் நேரத்தில் ஆரவாரம் இல்லாமல் வந்த இந்த நகைச்சுவை நாடகத்தின்மீது கேட்டவர்கள் வைத்த பாசம் இன்னும் வற்றவில்லை. அது நாவலானது, தொலைக்காட்சித் தொடரானது, கணினி விளையாட்டானது, 2005-ல் சினிமாவும் ஆனது. ஆனாலும் பழைய ரசிகர்கள் பலர் ‘காதால் கேட்டதுதான் அசல்’ என்றே சாதிப்பார்கள். 2001 மே 11 அன்று ஆடம்ஸ் இறந்தார். இரண்டு வாரம் கழித்து, மே 25 அன்று, ரசிகர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அண்டவெளிப் பயணிக்குத் துண்டைப் போலப் பயன்படும் பொருள் வேறில்லை என்பது அந்தக் கதையில் வரும் வேடிக்கை. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மே 25 அவர்களுக்குத் ‘துண்டு தினம்’.

நான் பேச வந்தது அந்தத் துண்டைப் பற்றி. கரூரில் நெய்த துண்டும் திருப்பூரில் தைத்த பனியனும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகின்றன. அந்த நாடகத்தின் ரசிகர்கள் ‘42’ என்று அச்சிட்ட டீ-ஷர்ட்டை ஆசையாகப் போட்டுக்கொள்கிறார்கள். கழுத்துப் பக்கம் இருக்கும் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் ஊர் திருப்பூராகவும் இருக்கலாம், டாக்காவாகவும் இருக்கலாம். எந்த ஊராக இருந்தாலும் பிசிர் வெட்டி, மடித்து, பாலிதீன் பையில் போட்டது அநேகமாக ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். ஒரு கலையின் மீதான பாசத்தைக் கொண்டாடும் பொருளைச் செய்து அனுப்புகிறவளுக்கு அந்தக் கலை ஏன் எட்டவில்லை? ஆங்கிலம் தெரியாததால் என்று பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கேட்பதற்கு ஒரு காதும் கொஞ்சம் நேரமும் வேண்டும். இரண்டும் நம் பெண்களிடமிருந்து பறிக்கப்பட்டிருக்கின்றன.

அதே 1978-ல்தான் இத்தாலியிலிருந்து வந்த ஒரு வியாபாரி வெள்ளை டீ-ஷர்ட் வாங்கத் திருப்பூரைத் தேடி வந்தார் என்றும், அங்கிருந்துதான் இந்த ஊரின் ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்றும் தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். லண்டனில் ஒரு நாடகமும் நொய்யல் கரையில் ஒரு தொழிலும் ஒரே ஆண்டில் புறப்பட்டன. நாடகத்தின் முதல் பகுதியில் ஒரு மனிதனின் வீட்டைச் சாலை போடுவதற்காக இடிக்க வருகிறார்கள். திட்டம் அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்ததே, நீ ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே காரணத்தைச் சொல்லிப் பூமியையே இடிக்கிறார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். நொய்யல் கரைக்காரர்களுக்கு இது அவ்வளவு சிரிப்பாக இருக்காது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமானதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை ஊரின் கிணறுகள் நிறம் மாறிக்கொண்டே இருந்தன. அந்தத் தண்ணீரைத் தாண்டி நல்ல தண்ணீருக்குக் குடம் தூக்கி அலைந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விண்கலத்தில் ஒரே ஒரு பெண் இருக்கிறாள். பெயர் ட்ரில்லியன். கணிதத்திலும் வான் இயற்பியலிலும் பட்டம் பெற்றவள். பூமி அழிந்தபின் எஞ்சிய இரண்டு மனிதர்களில் ஒருத்தி. கூட இருக்கும் ஆண்களில் ஒருவன் அங்கி மாட்டிக்கொண்டு குழம்புகிறான், இன்னொருவன் இரண்டு தலையோடு தற்பெருமை அடிக்கிறான். அவர்களுக்கு ரசிகர்கள் அள்ளிக் கொடுத்த அன்பில் இவளுக்குக் கிடைத்தது எவ்வளவு? முதல் தொடரில் கருவிகளைப் பார்த்துத் தகவல் சொல்கிறாள், ஆண்கள் வேடிக்கையாகப் பேசக் கேள்வி எடுத்துக் கொடுக்கிறாள். இரண்டாவது தொடரில் அவளைக் காணவே இல்லை. எங்கே போனாள்? அண்டவெளி ரோட்டரி சங்கக் கிளை ஒன்றின் தலைவருக்கு அவளைக் கட்டாயத் திருமணம் செய்து வைத்துவிட்டார்களாம். போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு நகைச்சுவைத் தகவலோடு ஒரு வான் இயற்பியலாளர் கதையிலிருந்து முடித்து வைக்கப்படுகிறாள். அவளுக்குக் குரல் கொடுத்த சூசன் ஷெரிடன் வானொலிக்குத் திரும்பி வர 2004 ஆனது.

‘நகைச்சுவையை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளத் தெரியாதா?’ என்று கேட்பார்கள். எடுத்துக்கொள்ளத் தெரியும். அந்த நாடகம் எனக்கும் பிடிக்கும். எழுதுகிறவருக்கு ஒரு பெண் பாத்திரத்தை என்ன செய்வதென்று தெரியாதபோது கைக்குச் சட்டென்று அகப்படும் கருவி திருமணம். அது லண்டனில் எழுதுமேசையில் நடந்தால் நகைச்சுவை. திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் நடந்தபோது அதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்பது பேச்சு. பதின்ம வயதுப் பெண்ணின் எதிர்காலத்துக்கு ஒரு தொழில் நிர்வாகம் கற்பனை செய்ய முடிந்தது அவ்வளவுதான். நட்சத்திரங்களைப் படித்தவளுக்கும் கதிர் ஓட்டுகிறவளுக்கும் ஆண்கள் எழுதி வைத்த முடிவு ஒன்றே.

அறிவியல் புனைகதை ஒலியின் பின்னாலும் இதே கதை இருக்கிறது. பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் என்ற ஒலிக்கூடம்தான் இந்த நாடகத்தின் விசித்திர ஒலிகளை உருவாக்கியது. 1958-ல் அந்தக் கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் டாப்னே ஓரம் என்ற பெண். 1963-ல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பு இசையை அங்கே உருவாக்கியவர் டெலியா டெர்பிஷைர். மெட்டு ரான் கிரெய்னர் எழுதியது. அதை ஒலியாக்க அவர் ஒலிநாடாவை பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, அளந்து, ஒட்டி, இணைத்தார். கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங் என்று நம் ஊரில் பிரித்துச் சொல்லும் எல்லா வேலையையும் ஒரே பெண் செய்தார். கிரெய்னரே அவருக்கும் பங்கு தர விரும்பினார். நிறுவன விதி இடம் தரவில்லை. திரையில் டெலியாவின் பெயர் வந்தது 2013-ல். அப்போது அவர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை பெண்ணுடையது, பெயர் வேறு எங்கோ போகும். லேபிள் ஒட்டும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

இனி நம் காதுக்கு வருவோம். தமிழில் வானொலிமேல் உள்ள பாசம் என்றால் இலங்கை வானொலி நினைவுக்கு வரும். ‘இசையும் கதையும்’, நாடகங்கள், நேயர் விருப்பம் பற்றி எத்தனையோ நினைவுக் குறிப்புகள் எழுதப்பட்டுவிட்டன. படித்துப் பாருங்கள். டீக்கடை, சலூன், சைக்கிள் கடை, திண்ணை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், கேட்ட இடமெல்லாம் ஆண்கள் கூடும் இடம். அதே வானொலியை அடுப்படிச் சுவர் வழியாகவும், மாவாட்டிக்கொண்டும், காஜா அடித்துக்கொண்டும், பட்டன் தைத்துக்கொண்டும் கேட்ட பெண்கள் இந்தக் குறிப்புகளில் ‘அம்மா உள்ளே வேலையாக இருப்பாள்’ என்ற பின்னணியாக வந்து போகிறார்கள். பெண்களுக்கென்று அந்த நிலையம் நடத்திய நிகழ்ச்சிக்குப் பெயர் ‘பூவும் பொட்டும்’. அதை வழங்கிய ராஜேஸ்வரி சண்முகம் தமிழ் வானொலியின் மகத்தான குரல்களில் ஒன்று. அப்படிப்பட்ட குரலுக்கும் அந்தக் காலம் கொடுத்த பலகையில் பூவும் பொட்டும்தான் இருந்தன.

வேலை செய்துகொண்டே கேட்டால் அது கேட்பது ஆகாதா? வானொலி நாடகம் கண்ணைக் கேட்காத, கையைக் கேட்காத கலை. நாவலுக்கு உட்கார வேண்டும், சினிமாவுக்குப் போக வேண்டும், தொலைக்காட்சிக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டும். கை ஓயாதவர்களுக்கு ஏற்ற நாடகக் கலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஆகவே அதன் முதல் வாரிசு வீட்டிலும் கம்பெனியிலும் கை ஓயாத பெண். ஆனால் அறை, நாற்காலி, ஓய்வான அரைமணி நேரம், கடிதம் எழுதத் தபால் அட்டை, இவை எல்லாம் கிடைத்தவர்கள் ‘ரசிகர்’ ஆனார்கள். மற்றவர்கள் ‘ஏதோ ரேடியோ போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்கள்’ ஆனார்கள்.

இன்றைக்குத் திருப்பூரில் அந்தக் காது எங்கே இருக்கிறது? பல பனியன் கம்பெனிகளில் நாள் முழுக்க ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது. எந்த அலைவரிசை, எவ்வளவு சத்தம் என்பதைச் சூப்பர்வைசரோ பவர் டேபிள் அண்ணன்களோ முடிவு செய்வார்கள். கைமடிக்கும் அக்காவைக் கேட்பதில்லை. பாட்டு போடுவதும் கைவேகம் குறையாமல் இருக்கத்தான். நூற்பாலையில் இதுவும் கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்று விதி இருக்கிறது. ஸ்பின்னிங் பகுதியில் நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவளிடம் பேச வாயசைவும் சைகையும்தான் மொழி. ஷிப்ட் முடிந்து விடுதிக்குப் போனால் செல்போனுக்குக் கட்டுப்பாடு. சுமங்கலித் திட்டம் பற்றி 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையும் வெளியே போகவும் வீட்டோடு பேசவும் இருந்த தடைகளைப் பதிவு செய்தது. வேலை நேரத்தில் காது இயந்திரத்துக்கு, ஓய்வு நேரத்தில் வார்டனுக்கு. ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வீடு வரும் பெண்ணுக்கோ குக்கர் விசிலும் குழந்தையின் அழுகையும் காத்திருக்கின்றன.

‘முதலில் கூலியைப் பேசுங்கள், நாடகத்தை அப்புறம் பார்க்கலாம்’ என்று தோழர்கள் சொல்லக்கூடும். கூலியைப் பேசாமல் விடவில்லை. ஆனால் எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் வசதியும் கூலியைப் போலவே பங்கிடப்படுகிறது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? தானாக வெட்டும் இயந்திரம், தானாகத் தைக்கும் இயந்திரம் என்ற பேச்சு தொழில் கண்காட்சிகளில் தொடங்கியாயிற்று. அவை வந்தால் முதலில் வெளியேறப் போவது யாருடைய கைகள்? இயந்திரமும் மனிதரும் பற்றிய கதை யாருடைய வாழ்க்கையோடு நேரடியாக மோதுகிறதோ, அவளிடம்தான் ‘உனக்குக் குடும்பக் கதை போதும்’ என்கிறோம்.

பெண்களுக்கு அறிவியல் புனைகதை ஒட்டாது என்று யாராவது சொன்னால் 1905-ஐ நினைவூட்டுங்கள். வங்கத்தின் ரொக்கேயா சகாவத் ஹுசைன் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது வெளிவந்தது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இண்டியன் லேடீஸ் மேகசின்’ இதழில். அந்தக் கதையின் நாட்டில் பெண் விஞ்ஞானிகள் மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள், வெயிலைச் சேமித்துச் சமைக்கிறார்கள், அதே வெயிலால் எதிரிப் படையை விரட்டுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். வேலை நேரம் நாளுக்கு 2 மணி. பன்னிரண்டு மணி நேரம் நின்றே பழகியவளுக்கு இதைப் படித்துக் காட்டிப் பாருங்கள், அறிவியல் புனைகதை ஒட்டுகிறதா இல்லையா என்று தெரியும். 73 ஆண்டு கழித்து லண்டன் விண்கலத்தில் மூலையில் நிறுத்தப்பட்டவளைவிடச் சுல்தானா வெகுதூரம் முன்னே நிற்கிறாள். ஆனால் அவளுக்குத் துண்டு தினம் இல்லை.

ஆகவே மாணவிகளே, ஒரு வேலை சொல்கிறேன். 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமுதாய வானொலி, ஒரு கல்லூரி வளாகத்திலிருந்தே சுற்றுவட்டாரப் பெண்களோடு பேச முடியும் என்று காட்டியிருக்கிறது. ஒலிப்பதிவுக்கு இன்று ஒரு செல்போன் போதும். சுல்தானாவைக் கொங்குத் தமிழில் பேச வையுங்கள். நொய்யல் தெளிந்து ஓடும் ஒரு நூற்றாண்டை எழுதுங்கள். ட்ரில்லியனை அந்தக் கட்டாயக் கல்யாணத்திலிருந்து ஓட வையுங்கள். எழுதும் முன்னால் செக்கிங் டேபிள் அக்காக்களைக் கேளுங்கள். அவர்களுடைய இயந்திரக் கதைகள் உங்களுடையதைவிடக் கூர்மையாக இருக்கும். தொழிற்சங்கங்களே, கூலி ஒப்பந்தத்தோடு இதையும் சேருங்கள்: விடுதிகளில் செல்போன் தடை நீங்க வேண்டும், ஸ்பீக்கரில் என்ன ஓடும் என்று முடிவு செய்ய வேலை செய்கிறவர்களுக்கு உரிமை வேண்டும், சத்த அளவு அளக்கப்பட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

அந்த நாடகத்தில் ஒரு மாபெரும் கணினி 75 லட்சம் ஆண்டுகள் யோசித்து வாழ்வின் விடை 42 என்கிறது. அப்புறம்தான் கேள்வி என்னவென்று யாருக்கும் தெரியாது என்பது புலப்படுகிறது. ரசிகர்களின் டீ-ஷர்ட்டில் இருக்கும் எண் அதுதான். திருப்பூரிலும் ஆண்டுதோறும் ஒரு விடையை அறிவிக்கிறார்கள்: ஏற்றுமதி இத்தனை ஆயிரம் கோடி. அந்தத் தொகைக்குரிய கேள்வி பிசிர் வெட்டும் மேசையில் இருக்கிறது. அதைக் கேட்க முதலில் அவளுக்கு அவள் காதைத் திருப்பிக் கொடுங்கள்.