அடிக்குறிப்புக்குள் ஒளிந்திருக்கும் லென்ஸ்

பிரதேச நிருபர் ஒருவர் இரவுக் கூட்டமொன்றில் எடுத்த படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். பேச்சாளரின் முகம் குழம்பியிருந்தது. கை நடுங்கியிருக்கும் என்று ஆசிரியபீடத்தில் சொல்லிவிட்டார்களாம். கை நடுங்கியிருந்தால் பின்னால் தொங்கிய பதாகையும் சேர்ந்தல்லவா நடுங்கியிருக்கவேண்டும்? அதன் எழுத்துகளோ தெளிவாக இருந்தன. பிழை கையில் இல்லை, கமராவின் தன்னியக்கக் குவியத்தில். தவணை முறையில் வாங்கிய கமரா அது. இருளிலும் குவியம் தப்பாது என்று மதிப்புரைகள் சொன்னதை நம்பி வாங்கியிருந்தார்.

அந்த மதிப்புரைகளை எழுதுவோரிடம் ஒன்றைக் கேட்கவேண்டும். எந்த லென்ஸை மாட்டிச் சோதித்தீர்கள்?

பகிரங்கமான உதாரணம் ஒன்றைத் தருகிறேன். 2020இல் வெளியான கெனன் ஆர்6, மைனஸ் 6.5 ஈ.வி. வரை குவியம் காணும் என்று அறிவிக்கப்பட்டது. முழுநிலவின் ஒளியை விடவும் மங்கலான நிலை அது. ஆனால் அடிக்குறிப்பைப் படியுங்கள்: எஃப் 1.2 லென்ஸ், நடுப்புள்ளி, 23 பாகை வெப்பநிலை. நிறுவனம் பொய் சொல்லவில்லை. சொன்னதைப் படிக்காதவர்கள் நம்மவர்கள்தான். அதே கமராவுடன் சேர்த்து விற்கப்பட்ட 24-105 லென்ஸ் ஒன்றின் துவாரம் நீள்முனையில் எஃப் 7.1. எஃப் 1.2 உடன் ஒப்பிட்டால் உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு. ஐந்து படிகள் போய்விட்டன.

ஒளி மட்டுமல்ல விடயம். லென்ஸின் இரு ஓரங்கள் வழியே வரும் கதிர்களை ஒப்பிட்டே கமரா குவியத்தைக் கணிக்கிறது. துவாரம் சிறுத்தால் அந்த ஓரங்களும் நெருங்கிவிடுகின்றன. இரண்டு கண்களும் மூக்கருகே ஒட்டிக்கொண்டால் தூரத்தை எப்படி மதிப்பிடுவது? பழைய எஸ்.எல்.ஆர். கமராக்களில் பெரும்பாலானவை எஃப் 5.6உடன் கைவிரித்தது இதனால்தான். கெனன் 5டி மார்க் 3 எஃப் 8ஐ ஏற்றுக்கொண்டதே 2013இல், மென்பொருள் புதுப்பிப்பின் பின்னர்தான். அதற்கு முன்னர் கமராவை ஏய்க்க, டெலிகன்வேர்ட்டரின் தொடுமுனைகளில் டேப் ஒட்டியவர்கள் இருந்தார்கள்!

கண்ணாடியில்லாக் கமராக்கள் அந்தச் சுவரை உடைத்தன என்பதை மறுக்கவில்லை. 2020இல் வந்த 600, 800 மி.மீ. கெனன் லென்ஸ்கள் எஃப் 11இலேயே குவியம் காண்கின்றன. ஆனால் ஆர்6இல் கூட, சட்டகத்தின் நடுவே அகலத்தில் 40, உயரத்தில் 60 சதவீதப் பரப்புக்குள் மட்டும். இதை எத்தனை மதிப்புரைகள் எடுத்துச் சொல்லின?

சிறு துவாரத்தில் தெளிவின் ஆழம் அதிகம், சிறு பிழை மறைந்துவிடும் என்று வாதிடுவார்கள். பிழை சிறிதானால் மறையும். பதாகையைப் பிடித்துக்கொண்டு மனிதரை விட்டுவிடுவது சிறு பிழையா?

நானே ஒரு மாலை, ஒற்றை மின்குமிழின் கீழ் சுவரில் பழைய பத்திரிகைத் தாளையும் வெறும் சாம்பல்நிறத் துணியையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒரே கமரா, இரண்டு லென்ஸ்கள். எஃப் 1.8 இரண்டையும் உடனே பிடித்தது. மலிவான ஸூம், நீள்முனையில், தலைப்பெழுத்துகளைப் பிடித்தது. துணியின் முன் வந்ததும் முன்னும் பின்னும் அலைந்து ஓய்ந்தது. பெரிய ஆய்வுகூடம் எதுவும் தேவைப்படவில்லை. மதிப்புரையாளர்கள் இதையாவது செய்யட்டும். பெட்டியில் வரும் லென்ஸை, அதன் நீள்முனையில், அளந்து சொன்ன ஒளியில் வைத்து, இருபது முறைக்கு எத்தனை முறை பிடித்தது என்று எழுதட்டும்.

நிருபருக்கு அடுத்த கூட்டத்துக்கு ஒரு பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைத் தேடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியபீடத்துக்கு அந்தப் பதாகைப் படத்தையே திருப்பி அனுப்பச் சொன்னேன்.