சாம்பல் எங்களுக்கு, சார்ஜர் யாருக்கு?

யாரிடம் போய்ச் சொல்ல? பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஒரு மின்சாரக் காரைக் கடனில் எடுத்து, திருவொற்றியூரிலிருந்து சவாரி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். என் வண்டி கேட்பது கரண்ட் மட்டும்தான். ஏதோ மலை உச்சிக் கிராமத்தில் இருந்துகொண்டு கரண்டுக்கு அலைந்தால் விதி என்று விட்டுவிடலாம். கரண்ட் பிறக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அலைகிறேனே!

வட சென்னை அனல் மின் நிலையம் அத்திப்பட்டில் இருக்கிறது. முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் நிலை 800. கூப்பிடு தூரத்தில் வல்லூர், அது 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட். எண்ணூரின் பழைய நிலையம் 1970லிருந்து புகைந்து, 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். அதே இடத்தில் 660 மெகாவாட்டுக்கு இன்னொன்றைக் கட்ட, 2024 டிசம்பரில் எங்கள் பக்கத்திலேயே பந்தல் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். வேண்டாம், மூச்சு முட்டுகிறது என்று ஜனங்கள் மைக் பிடித்துச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டார்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டார்கள்.

கப்பலில் வரும் நிலக்கரி காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. எரிந்து மிஞ்சுகிற சாம்பல் தண்ணீரில் கரைந்து குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிறது. போகிற வழியில் குழாய் உடையும், கசியும். கொசஸ்தலை ஆறு அப்படித்தான் மேடாகிப் போனது. இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிப் பிழைத்தவர்கள் இன்று முழங்கால் அளவு சாம்பல் சேற்றில் நிற்கிறார்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலையில் வேறு நிறத்தில் இறங்குகிறது. விடிகாலையில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் ஒட்டுவது பனி இல்லை.

கரண்ட் மட்டும் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் ஏறி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தெற்கே போகிறது. அங்கே மால்களின் கீழ்த்தளத்தில், ஐ.டி. வளாகங்களில், நட்சத்திர ஓட்டல் வாசலில் வரிசையாகச் சார்ஜர்கள் நிற்கின்றன. 'சுத்தமான பயணம்' என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. எவனுடைய நுரையீரலில் வடிகட்டிச் சுத்தமானது என்று எழுதவில்லை.

"அப்ப பெட்ரோல் வண்டியே வச்சிருக்கலாமே" என்று சவாரியில் வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஐயா, பெட்ரோலும் எங்கள் மணலியில்தான் காய்ச்சப்படுகிறது. அந்தச் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை 1969லிருந்து எங்கள் தலைமாட்டில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்ததே, அப்போது சிபிசிஎல் வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வீட்டுச் சுவரில், படகில், வலையில், கூழைக்கடா சிறகில் எல்லாம் கருப்பு. மீனவர்கள் பக்கெட்டாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளினார்கள். அந்த ஈரம் காயும் முன்னே, அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆகவே பெட்ரோல் போட்டாலும் போவது எங்கள் மூச்சு, கரண்ட் போட்டாலும் எங்கள் மூச்சு. இரண்டில் ஒன்றையாவது தெருவில் புகை கக்காமல் ஓட்டுவோமே என்றுதான் இந்த வண்டியை எடுத்தேன். அதோடு கணக்கும் இருந்தது. சாலை வரி கிடையாது, ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது, கிலோமீட்டருக்கு ஆகும் செலவு டீசலில் ஒரு பங்குதான் என்றார்கள். எதுவும் பொய்யில்லை. சார்ஜ் எங்கே போடுவாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மாதத் தவணை எந்தத் தேதியில் கட்டுவாய் என்று கேட்டார்கள்.

வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்பது விளம்பரம். விளம்பரத்தில் வருகிற வீட்டுக்கு முன்னால் புல்வெளி, பக்கத்தில் கூரை போட்ட கார் நிறுத்தம். எங்கள் பக்கத்து வீடுகளை வந்து பாருங்கள். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒரே வாசலுக்குள் ஐந்தாறு குடித்தனம். கார் நிறுத்த இடம் என்றால் தெருதான். மாடியிலிருந்து ஒயரை இறக்கித் தெருவில் நிற்கிற வண்டியில் சொருகினால், விளையாடுகிற பிள்ளை தடுக்கி விழும். ஆட்டோ அதன் மேல் ஏறிப் போகும். மழையில் தண்ணீர் தேங்கினால் கேட்கவே வேண்டாம். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டின் உரிமையாளர் நல்ல மனிதர்தான். அவர் சொன்னது இது: "தம்பி, வண்டி உன்னுது, மீட்டர் என்னுது. ஏசி போட்டாலே ட்ரிப் ஆவுது, இதுல காரை வேற சொருவுறியா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணத் தட்டே மாறிவிடும். என் வண்டி மட்டும் குடிக்கிற யூனிட்டில் அந்த வீட்டுப் பில் வேறு தட்டுக்குத் தாவிவிடும். சப் மீட்டர் போட்டுத் தருகிறேன், யூனிட்டுக்கு அவர் சொல்கிற விலையைத் தருகிறேன் என்று கெஞ்சி ஒரு 15 ஆம்பியர் பிளக் வாங்கினேன். அதிலும் வந்தது சோதனை. கடலோர மண், உப்புக் காற்று, என்றோ புதைத்த எர்த் கம்பி துருப்பிடித்து மண்ணோடு மண். எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், ஒரு பொட்டு கரண்ட் ஏறாது. ஃபேனும் ஃபிரிட்ஜும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும், இது ஓடாது. உயிர் காக்கிற ஏற்பாடு, தப்பில்லை. புது எர்த் குழி தோண்டினேன். அதன் பிறகு கோடைக்கால ராத்திரியில் தெருவே ஏசி போட்ட நேரத்தில் லோ வோல்டேஜ். இரவு முழுக்க சொருகி வைத்தும் விடிந்து பார்த்தால் பாதி. கூடுதல் லோடு கேட்டு எழுதிக் கொடுத்த மனு எந்த மேசையில் இருக்கிறதோ, அந்த மேசைக்கே தெரியாது. இன்று வா, நாளை வா. டிரான்ஸ்பார்மரில் இடமில்லையாம். 4,130 மெகாவாட் ஊரில், தம்பி, டிரான்ஸ்பார்மரில் இடமில்லை!

சரி, பொதுச் சார்ஜருக்குப் போவோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் முன்பணம். போன் முழுக்க என் பணம் ஐம்பது நூறாகச் சிதறிக் கிடக்கிறது. ஆப்பில் பச்சைப் புள்ளி காட்டும். நேரில் போனால் திரை செத்துக் கிடக்கும். இல்லையென்றால் யாரோ சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அதைத் திருகி எடுத்தால் சரியாகிவிடும். அது தெரிந்தவர் அங்கே இல்லை, பங்கில் பெட்ரோல் போடுகிற பையனுக்குச் சொல்லித்தரவில்லை. ஓரிடத்தில் செம்புக்கு ஆசைப்பட்டு எவனோ கேபிளையே அறுத்துப் போய்விட்டான். அறுந்த முனை காற்றில் ஆட, ஆப் மட்டும் 'தயார்' என்றது. இன்னோர் இடம் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது, இரவு பூட்டிவிடுவார்கள். எங்களுக்கோ விமான நிலையச் சவாரி கிடைப்பதே இரவில்தான். எர்ணாவூரில் ஏற்றினால், போய்த் திரும்ப எழுபது கிலோமீட்டர் கையில் இருக்க வேண்டும். முப்பது சதவீதத்தை வைத்துக்கொண்டு யார் தைரியமாக 'வரேன் சார்' என்று சொல்வது? வந்த சவாரியை வேண்டாம் என்றால் ரேட்டிங் இறங்கும். ரேட்டிங் இறங்கினால் அடுத்த சவாரி வராது.

வேலை செய்கிற சார்ஜர் கிடைத்தால் மட்டும் சொர்க்கமா? எண்பது சதவீதம் வரை ஓடி வரும் கரண்ட், அதற்கு மேல் வண்டியின் பேட்டரியே தன்னைக் காத்துக்கொள்ள மெதுவாக்கிவிடும். எனக்கு முன்னால் இரண்டு வண்டி இருந்தால் அரை நாள் பிழைப்பு போச்சு. நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. பெண் ஓட்டுநர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கிற ஆளே அந்த வரைபடத்தைப் போடவில்லை போலிருக்கிறது. கடைசியில் பில் வரும். யூனிட் விலைக்கு மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. வண்டிக்கு 5, வண்டி சாப்பிடும் சோற்றுக்கு 18. வீடும் வாசலும் கார் நிறுத்தமும் உள்ளவர் இரவில் தன் வீட்டு மீட்டரில் வரியில்லாமல் போட்டுக்கொள்கிறார். வாசல் இல்லாத நான் வரி கட்டுகிறேன்.

இதற்கு நடுவே கண்டெய்னர். துறைமுக சீரோ கேட்டிலிருந்து எண்ணூர் விரைவு சாலை வரை டிரைலர்கள் வரிசை கட்டி நின்றால், ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டியதுதான். நின்ற இடத்தில் மோட்டார் ஓடாது, உண்மை. ஏசி ஓடும். அனல் காற்றில், தூசியில், டீசல் புகையில் பயணியை உட்காரவைத்துவிட்டு ஏசியை அணைக்க முடியுமா? தூரம் கூடவில்லை, சதவீதம் மட்டும் இறங்குகிறது. தெற்கே சார்ஜ் போட்டுக்கொண்டு வந்து, வீடு சேர்வதற்குள் போட்டதில் ஒரு பங்கை நெரிசலுக்குக் கட்டுகிறேன்.

விதி இல்லையா என்றால், இருக்கிறது. 2018 டிசம்பரில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், நகரங்களில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு சார்ஜிங் நிலையமாவது இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2024இல் அதையே இன்னும் நெருக்கி, 2030க்குள் ஒரு கிலோமீட்டர் கட்டம் என்றார்கள். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கையில் 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை. சென்னை உட்பட ஆறு மின்வாகன நகரங்கள். திருவொற்றியூரும் 2011லிருந்து சென்னை மாநகராட்சிதான், அதுவும் முதல் மண்டலம். எண்ணில் மட்டும் முதல்.

முடியாத காரியமும் இல்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது மதராஸில், 1895இல், துறைமுகத்தையும் நகரத்தையும் சேர்த்துத்தான். அன்றைக்குத் தரைக்குள் பள்ளம் வெட்டி அதற்குக் கரண்ட் கொடுத்தார்கள். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை முதல்வர் தொடங்கிவைத்தார். எங்கள் எண்ணூரில் இருக்கிற அசோக் லேலண்டின் குழுமம் செய்த பேருந்துகள். பணிமனைக்குள் சார்ஜர் வந்தது, டிரான்ஸ்பார்மர் வந்தது, கேபிள் வந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். சக்கர நாற்காலியோடு ஏறுகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனால் வேண்டும் என்று நினைத்த இடத்துக்கு ஒயர் வருகிறது என்பதையும் அன்றே கண்ணால் பார்த்துவிட்டோம்.

ஆகவே கெஞ்சவில்லை, கேட்கிறேன். திருவொற்றியூர் தேரடியில், விம்கோ நகரில், காசிமேட்டில், ராயபுரம் மேம்பாலத்தின் அடியில், எர்ணாவூரில் மாநகராட்சி நிலத்தில் வேக சார்ஜர் வையுங்கள். இரவும் திறந்திருக்கட்டும். பக்கத்தில் ஒரு கழிப்பறை, தலைக்கு மேலே ஒரு தகரம். பொத்தானைத் திருகத் தெரிந்த ஒருவருக்கு, எங்கள் குப்பத்துப் பிள்ளைக்கே, சம்பளத்தோடு வேலை. வெள்ளம் ஏறுகிற ஊர் என்பதால் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். மிக்ஜாமின் கோடு எங்கள் சுவர்களில் இன்னும் இருக்கிறது, உயரம் அளந்துகொள்ளலாம். சாம்பல் விழுகிற வார்டுகளில் யூனிட் விலையைக் குறையுங்கள். சலுகை என்று சொல்லாதீர்கள், பாக்கியில் ஒரு தவணை.

இல்லையென்றால் அடுத்த அனல் மின் நிலையத்துக்கு மறுபடியும் பந்தல் போட்டுக் கருத்துக் கேட்க வருவீர்கள் அல்லவா, அங்கே வந்து மைக் பிடித்து இதையே சொல்கிறேன். அன்றைக்கு வண்டியில் சார்ஜ் இல்லாவிட்டால் நடந்தே வருகிறேன்.