சான்றிதழ் வாங்கிய பிள்ளையை எந்தக் கடலில் இறக்குவது?



ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சிலர் இப்போது பிள்ளைகளை ஸ்கூபா டைவிங் பழக அனுப்புகிறார்கள். என் பேரனும் 13 வயதில் ஜூனியர் சான்றிதழ் வாங்கிவிட்டான். அவன் பாடப் புத்தகத்தை நானும் கூட உட்கார்ந்து படித்தேன். (வாத்தியார் புத்தி போகுமா?) அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை இறங்கும் இடத்தை அப்பாவின் ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பி.ஏ.டி.ஐ. அமைப்பின் விதிப்படி 10, 11 வயதுக்கு 12 மீட்டர், அதாவது 40 அடிதான். 12 முதல் 14 வயது வரை 18 மீட்டர். கூடவே தகுதியுள்ள பெரியவர் இறங்க வேண்டும். இது உச்சவரம்பு. அந்த ஆழத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை!

அந்தமானில் பழைய ஹேவ்லாக், இப்போதைய ஸ்வராஜ் தீவில், நீமோ ரீஃப் என்று ஆழம் குறைந்த இடம் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைக்கு அது போதும். "அவ்வளவு தூரம் போய் டிக்ஸன் பினக்கிள் பார்க்காமல் வருவதா?" என்பார்கள். அது ஆழமான இடம். அப்பாவுக்கு ஆசை இருந்தால் மறுநாள் தனியாகப் போகட்டும்.

அடுத்தது பருவம். ராகி முற்றும் காலத்தில் சானமாவுக் காட்டில் யானை நிற்கிறது என்றால் விடியுமுன் கொல்லைக்குப் போகமாட்டோம். அதைக் கோழைத்தனம் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. கடலும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரிக் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். லீவு கிடைத்துவிட்டது, பணம் கட்டியாகிவிட்டது என்பதெல்லாம் கடலுக்குத் தெரியாது. முருடேஸ்வரம் பக்கத்து நேத்ராணித் தீவில் அக்டோபர் முதல் மே வரை இறங்கலாம். ஆனால் படகிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் யோசியுங்கள். அங்கே போன பிறகும் பிள்ளை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். மாமா, சித்தப்பா யாரும் கேலி செய்யக் கூடாது.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் திரும்பி வரும் வழி. ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது வெளியேறுமுன் உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடா மாதிரி உடம்புக்குள் குமிழி கட்டும். அதனால்தான் ஒரு முறை இறங்கினால் 12 மணி நேரமும், பல முறை இறங்கினால் 18 மணி நேரமும் விமானம் ஏறாதே என்கிறார்கள். 2,000 அடிக்கு மேலுள்ள ஊருக்குக் காரில் ஏறினாலும் இதே கணக்குத்தான். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! முருடேஸ்வரத்திலிருந்து கிளம்பினால் வழியிலேயே மலைப்பாதை வேறு.

ஆகவே ஞாயிறு காலை இறங்கிவிட்டு, திங்கட்கிழமை ஷிப்டுக்காக அன்று சாயங்காலமே வண்டி எடுக்காதீர்கள். சனிக்கிழமை மதியத்தோடு டைவிங்கை முடித்துவிட்டு அங்கேயே தங்குங்கள். ஞாயிறு காலை கோபுரத்தையும் சிவன் சிலையையும் பார்த்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு வந்து சேரலாம்.