மோடமுக்கு வசனம் எழுதுங்க!

‘கீ... க்ர்ர்ர்... ஸ்ஸ்ஸ்...’ இது என்ன சத்தம்னு வீட்டில் பெரிய அண்ணன், அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்க. முகத்தில் பழைய ஞாபகம் வந்து போகும். டயல்-அப் மோடம் போன் லைன் வழியாக இன்னொரு மோடமைப் பிடித்து, ‘எந்த வேகத்தில் பேசிக்கலாம்?’ என்று பேரம் பேசுகிற சத்தம் அது.

பேரம் முடிந்ததும் மனுஷனுக்கு வேலை ஆரம்பிக்கும். எதிர்முனைக் கம்ப்யூட்டர் ‘லாகின்:’ என்று கேட்கும், பெயரை அடிக்கணும். ‘பாஸ்வேர்ட்:’ என்று கேட்கும், அதையும் அடிக்கணும். லைன் கட்டானால் மறுபடி முதலிலிருந்து. போன் கட்டணம் குறைவான நேரம் நடுராத்திரி என்றால், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யார் உட்கார்ந்து அடிப்பது?

‘அடிக்கிற வேலையைக் கம்ப்யூட்டரே பார்க்கட்டும்’ என்று சிலர் யோசித்தார்கள். இந்த வாரம் அந்தக் கதைதான். பழசுதானே என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இது கடைசியில் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் வந்து நிற்கும்.

டயல் பண்றது ஈஸி!

1981-ல் வந்த ஹேஸ் ஸ்மார்ட்மோடம் ஒரு நல்ல காரியம் பண்ணியது. நம்பரை அழுத்துவதற்குக்கூட எழுத்திலேயே கட்டளை கொடுக்கலாம் என்றாக்கியது. ‘ஏ.டி.டி.டி.’ என்று அடித்துப் பக்கத்தில் நம்பரைப் போட்டால் போதும். ‘ஏ.டி.’ என்றால் ‘கொஞ்சம் கவனி’. அடுத்த ‘டி’ என்றால் ‘டயல் பண்ணு’. கடைசி ‘டி’ என்றால் ‘டோன் முறையில்’. மோடமும் எழுத்திலேயே பதில் சொல்லும்: கனெக்ட், பிஸி, நோ கேரியர்.

எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் சொன்னால், அந்த இடத்தில் மனுஷன் எதற்கு? ஒரு ஃபைலில் வசனம் எழுதி வைத்தால் போச்சு. ‘அவன் இதைச் சொல்றவரைக்கும் காத்திரு, சொன்னதும் நீ இதைச் சொல்லு.’ டயல்-அப் லாகின் ஸ்கிரிப்ட் என்பது மொத்தமே இவ்வளவுதான்.

முதல் எழுத்தைக் காணோம்!

இந்த வசனக் கலையைப் பரப்பியது யு.யு.சி.பி. பெல் லேப்ஸில் மைக் லெஸ்க் 1970-களில் எழுதிய புரோகிராம் இது. 1979-ல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளியே வந்தது. ஒரு யுனிக்ஸ் கம்ப்யூட்டர் இன்னொன்றுக்குத் தானே போன் போட்டு, லாகின் ஆகி, ஃபைலையும் மெயிலையும் பரிமாறிக்கொண்டு லைனை வைத்துவிடும். நம்ம ஊருக்கும் இதில் பங்குண்டு. 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஒரு கூட்டாளி. ஆரம்ப நாட்களில் அங்கே மெயில் ஓடியது டெலிபோன் லைனில், யு.யு.சி.பி. தயவில்தான்.

அந்த வசன ஃபைலைத் திறந்தால் ஒரு வேடிக்கை. ‘லாகின்:’ என்று இருக்க வேண்டிய இடத்தில் முதல் எழுத்தைக் காணோம். ‘ஓகின்:’ என்கிற மாதிரி மொட்டையாக இருக்கும். எழுத்துப்பிழை இல்லை பாஸ், அனுபவம்! சில கம்ப்யூட்டர்கள் பெரிய ‘எல்’ போட்டுக் கேட்கும், சில சின்ன ‘எல்’ போட்டுக் கேட்கும். லைன் இரைச்சலில் முதல் எழுத்து சிதைந்தே வரவும் வாய்ப்புண்டு. அதனால் மாறக்கூடிய எழுத்தை விட்டுவிட்டு மாறாத மிச்சத்துக்கு மட்டும் காத்திரு என்று எழுதினார்கள். ‘பாஸ்வேர்ட்’டையும் அதே மாதிரி தலையை வெட்டித்தான் போடுவார்கள். எதிராளி எப்படிப் பேசினாலும் புரிந்துகொள்கிற மாதிரி புரோகிராம் எழுதணும் என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்தலாம். இவர்கள் ஓர் எழுத்தை வெட்டிக் காட்டிவிட்டார்கள்.

எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது?

எதிராளி பதிலே சொல்லவில்லை என்றால்? மனுஷன் என்றால் திட்டிவிட்டு போனை வைப்பான். கம்ப்யூட்டருக்கு அலுக்காது. விடிய விடிய லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மீட்டர் ஓடும், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து அப்பா ஆடுவார்.

அதனால் வசனத்தில் இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, டைம் அவுட். லினக்ஸில் டயல்-அப்புக்குப் பயன்பட்ட ‘சாட்’ என்கிற புரோகிராம், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 45 விநாடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் ஆட்டம் க்ளோஸ். இரண்டு, அபார்ட். ‘பிஸி’ என்ற சொல் வந்தால் அந்த நொடியே கிளம்பிவிடு என்று முன்பே சொல்லி வைப்பது. ஒழுங்காக நடந்தால் என்ன பண்ணணும் என்று யார் வேணா எழுதலாம். சொதப்பினால் என்ன பண்ணணும் என்று எழுதுகிறவர்தான் புரோகிராமர்.

1980-களின் கடைசியில் அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனத்தில் இருந்த டான் லைப்ஸ் இதையே இன்னும் பெரிதாக யோசித்து ‘எக்ஸ்பெக்ட்’ என்ற கருவியைச் செய்தார். பாஸ்வேர்ட் கேட்கிற பல புரோகிராம்கள் ஃபைலிலிருந்து பதில் வாங்காது, கீபோர்டிலிருந்துதான் வரணும் என்று அடம்பிடிக்கும். எக்ஸ்பெக்ட் ஒரு போலி டெர்மினலைக் காட்டி, ‘எதிரே ஆள் உட்கார்ந்திருக்கார்’ என்று அவற்றை நம்ப வைத்துவிடும். மோடம் போயும் எக்ஸ்பெக்ட் போகவில்லை.

சாவி யார்கிட்ட?

இப்போ வில்லங்கம். வசனத்தில் உங்கள் பதில்களும் இருக்கு இல்லையா? அதாவது, பாஸ்வேர்ட் அப்படியே பச்சையாக ஃபைலில் உட்கார்ந்திருக்கு. கதவைப் பூட்டிவிட்டு, சாவியை மிதியடிக்குக் கீழே வைத்த கதை. யு.யு.சி.பி. காலத்திலேயே இது தெரிந்ததால்தான், அந்த ஃபைலை மற்றவர்கள் படிக்க முடியாதபடி அனுமதியைக் குறைத்து வைத்தார்கள்.

1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி லேபில் கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லை. ஏன் என்று துருவிய கிளிஃப் ஸ்டோல், உள்ளே ஒரு திருட்டு விருந்தாளி உலவுவதைக் கண்டுபிடித்தார். ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து வந்துகொண்டிருந்த மார்க்கஸ் ஹெஸ். அவர் ஓர் இடத்தில் புகுந்ததும் அங்கிருந்த ஃபைல்களிலும் மெயில்களிலும் அடுத்த கம்ப்யூட்டருக்கான பாஸ்வேர்டைத் தேடுவார். கிடைத்தால் அங்கே தாவுவார். இப்படி 30-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்தார். திருடியதை சோவியத் உளவுத்துறைக்கு விற்ற வழக்கில் 1990-ல் தண்டனையும் வாங்கினார். ஒருத்தர் சோம்பலாக எழுதி வைத்த பாஸ்வேர்ட், இன்னொருத்தர் வீட்டுக்கும் கதவு திறந்துவிடும். ஆபத்து உங்களோடு நிற்காது என்பதுதான் இதில் பயங்கரம்.

தீர்வும் வந்தது. விண்டோஸ் 98-ன் டயல்-அப் ஸ்கிரிப்டில் பாஸ்வேர்டை எழுதத் தேவையில்லை. ‘பாஸ்வேர்ட் இங்கே’ என்று ஒரு குறி மட்டும் போட்டால், உண்மையானதை கனெக்‌ஷன் பெட்டியிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்க, அங்கிருந்த டாட்டு யலோனன் எஸ்.எஸ்.ஹெச்.சை எழுதினார். அதில் சாவி ஜோடியை வைத்து லாகின் ஆகலாம். ரகசியச் சாவி உங்க மெஷினை விட்டு வெளியே போகவே போகாது. அந்தச் சாவி ஃபைலை எல்லாரும் படிக்கலாம் என்று திறந்துபோட்டால், ‘இதைத் தொட மாட்டேன்’ என்று எஸ்.எஸ்.ஹெச்.சே மறுத்துவிடும்.

உங்க டர்ன்!

இப்போ உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்க. ‘பாஸ்வேர்ட்’ என்று தேடுங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் கோடுக்குள்ளேயே பல்லிளிக்கிறதா? அதை ஜிட்ஹப்பில் ஏற்றியாச்சா? அந்த வரியை இப்போ அழித்தால் போதாது மக்களே. பழைய பதிப்புகளில் அது பத்திரமாக இருக்கும், தோண்டி எடுப்பதற்கென்றே புரோகிராம்கள் சுற்றுகின்றன. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்க. அப்புறம் அதைத் தனி ஃபைலில் வைத்து, ஜிட்டில் ஏறாமல் தடுத்துவிடுங்க. சர்வருக்குப் போக எஸ்.எஸ்.ஹெச். சாவி போடுங்க.

பத்து நிமிஷ வேலை. லேபில் ஜூனியர்களோடு ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால், அந்தப் பத்து நிமிஷத்தை இன்னிக்கே ஒதுக்குங்க.