கென் ஆண்டர்சனுக்கு ஏன் சிலை இல்லை?

அமெரிக்கக் கால்பந்தில் ஓய்வு பெற்ற பெருந்தலைகளுக்கு ஒஹாயோவின் கேன்டன் நகரில் 'ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கிறது. தேர்வானால் வெண்கலச் சிலை வைப்பார்கள். ஜோ நேமத் 1985லேயே உள்ளே போய்விட்டார். கென் ஆண்டர்சனுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை. என்னங்க நியாயம் இது?

இருவருமே குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள். நேமத் எறிந்ததில் டச்டவுன் ஆனது 173, எதிரணி பிடித்துக்கொண்டது 220. ஆண்டர்சனுக்கு 197, 160. பி.காம். படிக்கிற என் கண்ணுக்கு முதலாவது நஷ்டக் கணக்கு!

"1978ல் விதியை மாற்றிய பிறகுதான் எறிவது சுலபமாச்சு, அதற்கு முன்னால் ஆடியவர் நேமத்" என்பார்கள். சரி, 1975ஐ மட்டும் பார்ப்போம். ஒரே சீசன், ஒரே விதி. நேமத்: 15 டச்டவுன், எதிரணிக்குக் கொடுத்தது 28. ஆண்டர்சன்: 21, 11. பாஸர் ரேட்டிங்கில் அவர் முதலிடம் பிடித்த வருடங்கள் 1974, 1975, 1981, 1982. விதி மாறும் முன் இரண்டு, பின் இரண்டு. இப்ப என்ன சொல்றீங்க?

ஒரே குறை, சூப்பர் பவுல். 1969 ஜனவரியில் "ஜெயிப்போம், இது உத்தரவாதம்" என்று சொல்லி ஜெயித்தும் காட்டினார் நேமத். 1982 ஜனவரியில் ஆண்டர்சன் 300 யார்டு எறிந்தும் சின்சினாட்டி 21-26 என்று தோற்றது. அவருடைய இரண்டு பந்துகள் எதிரணி கைக்குப் போனது உண்மைதான். அந்த ஒரு நாளுக்காக 16 சீசன் உழைப்பைத் தள்ளுபடி செய்வதா?

நேமத்தை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. வாய்ச்சவடாலுக்குச் சிலை உண்டென்றால், வேலைக்கும் ஒன்று வையுங்கள்.